சும்மா ஒரு சின்னக் கடை, கொரிய மொழியில்

ரொறன்ரோ
சித்திரை மாதம், பனி முழுதாய்ப் போகாத ஒரு செவ்வாய்

என்றும் என் மதிப்புக்குரிய இராசதுரை அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் தில்லையம்பலம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் கோணேஸ்வரியும் பிள்ளைகளும் கடையின் குளிர் அறைகளும் ஒரு பழுதும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே லண்டனில் நீங்களும் அக்காவும் அக்காவின் முழங்காலும் அப்படியே இருக்கவேண்டுமென்று போன வெள்ளிக்கிழமை றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். முழங்காலைத் தனியாகப் பெயர் சொல்லிக் கேட்டேன், அக்காவிடம் சொல்லுங்கள்.

இந்தக் காலத்தில் இவன் ஏன் முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறான் என்று யோசிப்பீர்கள். வாட்ஸப்பில் உங்களுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினால், நீங்கள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்கு முன்னமே அக்கா அதைக் கேட்டு முடித்து, பாரிசுக்கும் ஒஸ்லோவுக்கும் சிட்னிக்கும் தள்ளிவிட்டிருப்பாள். தாளை அப்படித் தள்ள முடியாது. இதை நீங்கள் மட்டும் வாசிக்கவேண்டும். குளியலறையில் இருந்து வாசித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

போன ஞாயிறு அக்கா தொலைபேசியில் அழுததை நீங்கள் பக்கத்திலிருந்து கேட்டிருப்பீர்கள். "தம்பி, நீ ஒரு கொரியாக்காரியோட திரியிறியாம். அவளின்ர பாசையும் படிக்கிறியாம். கோணேசு பாவமடா" என்றாள். நான் ஒன்றும் சொல்லாமல் வைத்துவிட்டேன். சொல்லியிருந்தால் அது நான்காவது கதையாகப் போயிருக்கும். ஏற்கெனவே மூன்று கதை உலாவுகிறது. நான் கடையை மூடிவிட்டுக் கொரியாவுக்கு வேலைக்குப் போகப்போகிறேன் என்பது ஒன்று. கொரிய நாடகம் பார்த்துப் பார்த்து மண்டை கழன்றுவிட்டது என்பது இரண்டாவது. மூன்றாவது, அக்கா அழுதது. இதில் முதலாவது பாதி உண்மை, இரண்டாவது முழுப் பொய், மூன்றாவது முழு உண்மை, ஆனால் அந்தப் பெண்மணிக்கு எண்பது வயதாகப் போகிறது, என்னைவிடக் கெட்டிக்காரி, கோணேஸ்வரியுடன்தான் அவவுக்கு ஒட்டு. ஆகவே ஆறுதலாக இருங்கள், நடந்ததை வரிசையாகச் சொல்லுகிறேன்.

ஸ்காபரோவில் எங்கள் பெரிய கடை இருக்கிற பிளாசாவை இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்கள். ஆவணி முடிவதற்குள் எல்லோரும் வெளியேறவேண்டும். மல்வேர்ன் கடையும் பிறம்ரன் கடையும் சின்னவை; மீனும் இறைச்சியும் இந்தப் பெரிய கடையின் குளிர் அறையிலிருந்துதான் அங்கே போகும். பெரிசு விழுந்தால் மற்ற இரண்டும் ஒரு மாதம் நின்றுபிடிக்கும், அவ்வளவுதான். அகதியாய் வந்திறங்கி ஒரு உணவகத்தின் பின்பக்கத்தில் சட்டி கழுவி, மீன்பெட்டி தூக்கி, பிறகு ஒரு மீன்பெட்டி சொந்தமாய் வாங்கி, பிறகு ஒரு வாகனம் மீன் வாங்கி, இப்படித்தான் இது வளர்ந்தது, உங்களுக்குத் தெரியும். இந்த வயதில் இதை விற்றுப்போட்டு வீட்டில் இருந்தால் கோணேஸ்வரியின் சமையலுக்கு யோசனை சொல்லும் உத்தியோகம் ஒன்றுதான் எனக்கு மிஞ்சும். அந்த உத்தியோகத்தில் நான் ஒரு கிழமைகூட நிலைக்கமாட்டேன்.

இடம் தேடினேன். இங்கே வெற்றுக் கடைக்குப் பஞ்சமில்லை, நல்ல கடைக்குத்தான் பஞ்சம். மீன் விற்கிறவனுக்கு முகப்பு அழகு தேவையில்லை. தரையில் தண்ணீர் ஓட வாய்க்கால் வேண்டும், பின்பக்கத்தில் பார வாகனம் முட்டி நிற்கக் கதவு வேண்டும், பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒரு அம்மா இரண்டு பையோடு நடக்கிற தூரத்தில் இருக்கவேண்டும். இந்த மூன்றும் ஒன்றாக இருந்தது ஃபின்ச் வீதியில் ஒரு மூலைக் கடையில் மட்டும்தான். முன்பு தளபாடம் விற்ற இடம். அதற்கு முதல் யாரோ கோழி விற்றிருக்கிறார்கள், அதனால் வாய்க்கால். பார்த்த அன்றே எந்தச் சுவரில் மீன் மேசை, எந்தச் சுவரில் அரிசி என்று என் மனதில் எல்லாம் ஏறிவிட்டது. வீடு விற்கிற தரகர் நீக்கிலாப்பிள்ளைதான் காட்டினார். நம்முடைய ஆள், நல்ல மனிதர், ஆனால் எதையும் இரண்டாம் தடவை சொன்னால்தான் பிடிக்கும்.

"இடம் நல்லம் அண்ணை. ஆனால் சொந்தக்காரி ஒரு கொரியா மனிசி. திருமதி பெக். வந்த ஆக்களை எல்லாம் திருப்பி அனுப்பிப்போட்டா" என்றார்.

"ஏன், காசு காணாதாமோ?"

"காசைப் பற்றிக் கதைக்கவே இல்லையாம். நேரில கூப்பிட்டு, என்ன வேலை செய்யிறாய் எண்டு ஒரு கேள்வி. அவ்வளவுதான். ஒருத்தன் தான் பெரிய கொம்பனி எண்டு கார்ட் நீட்டியிருக்கிறான். இன்னொருத்தன் தன்ர வக்கீலைக் கதைக்க விட்டிருக்கிறான். ரெண்டு பேருக்கும் இல்லையெண்டு போட்டா. மரியாதை பாக்கிற மனிசி அண்ணை. அவவின்ர பாசையில ரெண்டு சொல்லு சொன்னியளெண்டால் உருகிப்போவா."

எனக்கு அது சரியான யோசனையாகப் பட்டது. சிங்களம் தெரிந்ததால் கொழும்பில் பிழைத்தேன், சீன மொழியில் விலை கேட்கத் தெரிந்ததால் இங்கே மொத்தச் சந்தையில் பிழைத்தேன். பாஷை என்பது எனக்குத் தராசு மாதிரி, கடைக்கு ஒன்று வேண்டும். பக்கத்து நூலகத்தில் சனிக்கிழமைகளில் தொடக்கக் கொரிய வகுப்பு, இலவசம் என்று அறிவித்தல் இருந்தது. போய் இருந்தேன்.

அத்தான், அந்த வகுப்பில் இருந்தவர்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள். மொட்டைத்தலையோடு நான் ஒருவன். பக்கத்துக் கதிரையில் ஒரு தமிழ்ப் பிள்ளை, துவாரகா என்று பெயர், தாய் மல்வேர்னில் எங்கள் கடைக்கு வருகிறவ. அவள் என்னைப் பார்த்து, "ஓ மை காட், அங்கிள், யூ ஆல்சோ? எந்த டிராமா பாக்கிறீங்கள்?" என்றாள். நான் ஓம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் சிரித்தேன். இப்போது உங்களுக்கு விளங்கும், இரண்டாவது கதை எங்கிருந்து புறப்பட்டதென்று. அந்தச் சிரிப்பு பின்னேரத்துக்குள் மல்வேர்ன் போய், அடுத்த நாள் விடிய லண்டனில் இறங்கியிருக்கிறது. என் மீன் அவ்வளவு கெதியாய்ப் போவதில்லை.

சோயோன் என்ற இளம் ஆசிரியை நல்ல பொறுமைசாலி. முதலில் வணக்கம். பிறகு பெயர். அடுத்தடுத்த வகுப்பில், மரியாதையாகத் தொழிலைச் சொல்லி அறிமுகம் செய்வது எப்படி என்று தொடங்கினா. கொரிய மொழியில் 'நான்' என்று சொல்லவே ஒரு பணிவான சொல் தனியாக வைத்திருக்கிறார்கள், பெரியவர்களுக்கு முன்னால் தன்னைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துத்தான் பேச்சைத் தொடங்கவேண்டும் என்றா. எனக்குக் கண்ணீர் வராத குறை. இது எங்களுக்காகவே யாரோ செய்த பாஷை என்று நினைத்துக்கொண்டேன். பலகையில் வைத்தியர், ஆசிரியர், தாதி, மாணவர், நிறுவன ஊழியர் என்று எழுதியிருந்தது. கடைக்காரன் இல்லை. கேட்டேன். ஆசிரியை இரண்டு வசனம் எழுதித் தந்தா. 'ஜோனுன் ககேருல் ஹம்னிதா' என்றால் நான் கடை நடத்துகிறேன். 'ஜோனுன் ககேயேசோ இல்ஹம்னிதா' என்றால் நான் கடையில் வேலை செய்கிறேன். "உங்களுக்கு எது பொருத்தமோ அதை எழும்பி நின்று சொல்லுங்கோ" என்றா.

எழும்பினேன். வாயைத் திறந்தேன். முதல் வசனம் வரவில்லை. மறதி என்று நினைக்கவேண்டாம், அந்த வசனம் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அத்தான், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, நான் கடை போட்ட நாளிலிருந்து இன்றைக்கு வரைக்கும் என்ன செய்கிறாய் என்று யார் கேட்டாலும் என் வாயில் வருகிற பதில் ஒன்றுதான்: "சும்மா ஒரு சின்னக் கடை. ஏதோ போகுது." மூன்று கடை என்று சொன்னால் முதலாவது கண்ணூறு. இரண்டாவது கோயில் திருவிழா உபயம். மூன்றாவது, ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், அந்தச் சங்கத்திலிருந்து கோபித்துப் பிரிந்த சங்கம். நான்காவது, உங்களுக்குத் தெரியும், கைமாற்றுக் கேட்டு வருகிற உங்கள் தம்பி. புதுக் கார் வாங்கினால் முதல் மாதம் அது கடைச் சாமான் ஏற்ற இரவல் வாங்கியது என்றுதான் சொல்லுவேன். இதைத் தமிழில் எத்தனையோ வருடம் சொல்லிச் சொல்லி நாக்கு அப்படியே படிந்துவிட்டது. புதுப் பாஷை என்றாலும் நாக்குப் பழசுதானே. இரண்டாவது வசனம் வழுக்கிக்கொண்டு வந்தது. வகுப்பு கைதட்டியது. வீட்டில் குளிக்கும்போதும், கடையில் சூடை மீன் வெட்டும்போதும் அதையே சொல்லிப் பழகினேன். கோணேஸ்வரி கேட்டுவிட்டு, "என்ன மந்திரம் உது? மீன் உயிர்த்து எழும்பப் போகுதே?" என்றாள்.

சந்திப்பு நாள் வந்தது. வெற்றுக் கடைக்குள் நீக்கிலாப்பிள்ளையும் வாய்க்காலைக் குனிந்து பார்த்தபடி நானும் நிற்கிறோம். திருமதி பெக் வந்தா. சின்ன உருவம், வெயில் மறைக்கிற பெரிய விளிம்புத் தொப்பி, கையில் பார்லித் தேநீர் நிறைந்த ஒரு சுடுதண்ணிப் போத்தல். ஆங்கிலம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினா, ஆனால் விளங்காத மாதிரி விழிக்கவும் தெரிந்திருந்தது. நான் இடுப்பை வளைத்துக் கும்பிட்டு, "அன்யோங் ஹாசேயோ" என்றேன். அவவின் முகம் மலர்ந்தது. நீக்கிலாப்பிள்ளை பின்னாலிருந்து என் முதுகைத் தட்டினார். "முசுன் இல் ஹாசேயோ?" என்று அவ கேட்டா. என்ன வேலை செய்கிறீர்கள் என்று அர்த்தம், ஆசிரியை சொல்லித் தந்த அதே கேள்வி. ஒரு எழுத்துப் பிசகாமல் பதில் சொன்னேன், கடையில் வேலை செய்கிறேன் என்று. அதோடு நின்றிருக்கலாம். பழக்கதோஷம், ஆங்கிலத்தில், "சின்னக் கடை. சும்மா" என்றும் சேர்த்துவிட்டேன்.

அந்த அம்மா மிகவும் சந்தோசமாகத் தலையாட்டினா. பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தா. நீக்கிலாப்பிள்ளைக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தா. கதவைப் பார்த்தா. "உங்கள் சாஜங்னிம் எப்ப வருவார்?" என்றா. சாஜங்னிம் என்றால் முதலாளி.

நீக்கிலாப்பிள்ளை என் காதுக்குள் குனிந்தார். "தில்லை அண்ணை, நீங்கள் வேலைக்காரன் எண்டெல்லே சொல்லிப்போட்டியள்."

"தெரியும்."

"அப்ப முதலாளி ஆர்?"

"வாயை மூடும்."

அந்த இடத்தில், "இல்லை அம்மா, நான்தான் முதலாளி, மூன்று கடை இருக்கிறது" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் யோசியுங்கள், ஒரு நிமிசத்துக்கு முதல் சொன்னதை மாற்றுகிறவனுக்கு நீங்கள் கடை கொடுப்பீர்களா? நான் கொடுக்கமாட்டேன். "முதலாளி அடுத்த கிழமை வருவா" என்று வாய் தானாகச் சொல்லியது. ஆங்கிலத்தில் சொன்னபோது 'ஷீ' என்றே வந்துவிட்டது, அது ஏன் என்று பிறகு சொல்லுகிறேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தா, மீன் வெட்டிய தழும்பெல்லாம் பார்த்தா, முதுகு நோகிறதா என்று சைகையில் கேட்டா. முப்பது வருடமாய் மீன்பெட்டி தூக்கினவனுக்கு நோகாதா? ஓம் என்றேன். கைப்பையைத் திறந்து ஒட்டுகிற மருந்துத் துண்டு ஒரு பொதி தந்தா, முதுகில் ஒட்டினால் குளிராய்த் தொடங்கிச் சூடாய் முடியும், கொரியர்கள் எல்லோர் வீட்டிலும் இருக்குமாம். கூடவே அரிசிமாவில் செய்த ஒரு இனிப்பும் தந்து, "இந்த வயதில் பாரம் தூக்கவேண்டாம். முதலாளியிடம் சொல்லுங்கள்" என்றா. நானே எனக்குச் சொல்லவேண்டியதாய்ப் போயிற்று. முதுகுக்கு அது நல்ல மருந்து அத்தான், அக்காவின் முழங்காலுக்கும் இரண்டு பொதி வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்போது முதலாளி ஒருவர் தேவை. வெளியே தேடத் தேவையில்லை, ஏனென்றால் ஆதியில் கடை பதியும்போது எங்கள் கணக்காளர் சொல்லி எல்லாவற்றையும் கோணேஸ்வரியின் பேரில்தான் பதிந்தது. அதனால்தான் 'ஷீ' வாயில் வந்தது. ஒருவிதத்தில் பார்த்தால் நான் அந்த அம்மாவுக்குச் சட்டப்படி சரியான உண்மையைத்தான் சொல்லியிருக்கிறேன். வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். கோணேஸ்வரி சோற்றுக் கரண்டியோடு திரும்பினாள்.

"அப்ப நான் முதலாளி, நீங்கள் வேலையாள்."

"ஒரு பின்னேரத்துக்குத்தான்."

"நான் பொய் சொல்லமாட்டன். கேட்டால் உள்ளதைச் சொல்லுவன்."

"உள்ளதைக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லன்."

"உங்கட யாழ்ப்பாணத்துக் கணக்கு எனக்குத் தெரியாது. நாங்கள் திருகோணமலையில இருக்கிறதை இருக்கெண்டுதான் சொல்லுவம்" என்றாள். நீங்கள் கலியாணம் பேசும்போதே அவள் தகப்பன் வயல் எவ்வளவு, மாடு எவ்வளவு என்று கேட்காமலே சொன்னது ஞாபகம் இருக்கும். எங்கள் பக்கத்தில் எல்லோரும் பயந்துபோய், இவ்வளவு சொல்லுகிறார்களே, இதில் ஏதோ இருக்கிறது என்று ஒரு மாதம் விசாரித்தோம். ஒன்றும் இருக்கவில்லை. இருந்ததைச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த கிழமை கோணேஸ்வரி நல்ல கோட்டும் பிள்ளைகள் கொடுத்த கைப்பையுமாக இறங்கினாள். நான் கடைச் சட்டையோடு அளவு நாடா பிடித்துக்கொண்டு பின்னால். திருமதி பெக் கேட்டா, என்ன தொழில் என்று. கோணேஸ்வரி அப்படியே நேராய் ஆங்கிலத்தில், "மீன் கடை. அரிசி, மரக்கறி, பலசரக்கும். மூன்று கடை. வியாபாரம் நல்லம்" என்றாள். அத்தான், நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரைக்கும் வாய் திறந்து, பகல் வெளிச்சத்தில், அந்நியருக்கு முன்னால் சொல்லாத வசனம் அது. கூரை விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அந்த அம்மா "ஓ" என்று சொல்லி ஒரு கதிரையை இழுத்துக் கோணேஸ்வரிக்குப் போட்டா, மற்றக் கதிரையில் தான் இருந்தா. மூன்றாவது கதிரை இல்லை.

பிறகு அவர்கள் இரண்டு பேரும் தேநீர் குடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். என்ன பாஷை என்று கேட்காதீர்கள், அரைவாசி ஆங்கிலம், மீதி நெத்தலிக் கருவாடு. கோணேஸ்வரி பையிலிருந்து ஒரு பொதி நெத்தலி எடுத்துக் கொடுத்தாள். அந்த அம்மா மணந்து பார்த்துவிட்டு, தலையைக் கிள்ளி எறிவீர்களா, வைத்துப் பொரிப்பீர்களா என்று கேட்க, அதிலேயே அரை மணித்தியாலம் போய்விட்டது. கொரியர்கள் நெத்தலியைச் சீனிப்பாணியில் வதக்குவார்களாம். கோணேஸ்வரி முகத்தைச் சுளிக்காமல் கேட்டது எனக்கு ஆச்சரியம். நான் சும்மா நிற்கமுடியாமல் தரையில் குனிந்து வாய்க்காலின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன், தண்ணீர் ஊற்றிச் சரிவு பார்த்தேன், மின்பெட்டியைத் திறந்து குளிர் அறைக்குக் காணுமா என்று பார்த்தேன், பின்கதவால் வெளியே போய்க் குப்பைத் தொட்டி எவ்வளவு தூரம் என்று பார்த்தேன்.

"உங்கை நிண்டு என்ன செய்யிறியள்? மற்றப் பக்கத்தையும் அளவுங்கோ" என்று கோணேஸ்வரி முதலாளிக் குரலில் கூப்பிட்டாள். அந்தக் குரல் அவளுக்குப் புதிதில்லை, கதிரைதான் புதிது.

திருமதி பெக் என்னைக் காட்டி, நல்ல வேலையாளா என்று அவளிடம் கேட்டா. கோணேஸ்வரி என்னை மேலும் கீழும் பார்த்தாள், தக்காளி பார்க்கிற மாதிரி. "வாய் கொஞ்சம் கூட. ஆனால் ஒரு நாளும் பிந்தி வரவில்லை. ஒரு நாளும் லீவு கேட்கவில்லை. இவ்வளவு வருசத்தில் சம்பளமும் கேட்கவில்லை" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. நான் அளவு நாடாவை இழுத்தபடி சுவருக்குத் திரும்பிக்கொண்டேன், கண்ணில் ஏதோ தூசி. அந்த அம்மா, "இவரை வைத்திருங்கள்" என்றா. "யோசிப்பம்" என்றாள் கோணேஸ்வரி.

இரண்டு நாளில் நீக்கிலாப்பிள்ளை கூப்பிட்டார். "தாறாவாம் அண்ணை. முதலாளியம்மாவின்ர பேரில எழுதச் சொன்னா. ஆனால் சாவி குடுக்க முதல் வேலையாள் ஒருக்கா வீட்டை வரவேணுமாம், தனிய." என்னை வேறு யாரிடமோ நல்ல வேலைக்குச் சேர்த்துவிடப் போகிறாவோ, அல்லது விசயம் வெளியில் வந்துவிட்டதோ. ஆவணி கண்ணுக்கு முன்னால் நின்றது. சனிக்கிழமை வகுப்பு முடிய ஆசிரியையிடம் போய், மனைவியோடு சேர்ந்து கடை நடத்துகிறேன் என்று எப்படிச் சொல்லுவது என்று கேட்டேன். தந்தா. கார் ஓட்டும்போதெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் சின்னதாய்த்தான் வந்தது.

திருமதி பெக்கின் வீடு சாதாரண வீடு, வாசலில் கழற்றிய செருப்புகள் எங்கள் வீட்டு வாசல் மாதிரியே வரிசையாய். சாப்பாட்டு மேசையில் தேநீர் ஊற்றி வைத்தா. தானே அமர்ந்தா. என்னையும் அமரச் சொன்னா, இந்தத் தடவை கதிரை இருந்தது. தொப்பி இல்லாமல் பார்த்தால் எங்கள் பக்கத்து ஓய்வுபெற்ற அதிபர் மாதிரி ஒரு பார்வை. அதே கேள்வியைக் கேட்டா, அதே மரியாதையோடு. "முசுன் இல் ஹாசேயோ?"

நான் எழும்பி நின்றேன். "ஜோனுன் அனேவா ககேருல் ஹம்னிதா" என்றேன். நான் மனைவியுடன் கடை நடத்துகிறேன். நல்ல சத்தமாய்த்தான் வந்தது, எனக்கே கேட்டது. பிறகு ஆங்கிலத்தில், "மூன்று கடை. நாங்கள் தொடங்கினது. முதல் நாள் அப்படிச் சொன்னதற்கு மன்னிக்கவேண்டும்" என்றேன். சாவியை மறந்துவிடலாம் என்று மனதுக்குள் முடிவும் கட்டிவிட்டேன்.

அவ சிரிக்கத் தொடங்கினா. சிரித்து முடித்து, விளங்காத மாதிரி முன்பு விழித்த அதே அம்மா நல்ல ஆங்கிலத்தில் சொன்னா: "வேலையாள் வந்தால் எப்போது முடியும் என்று மணிக்கூட்டைப் பார்ப்பான். நீங்கள் வந்து நின்றதும் வாய்க்காலைப் பார்த்தீர்கள். எனக்கு முதல் நாளே தெரியும். எவ்வளவு நாளைக்கு மறைத்து வைத்திருப்பீர்கள் என்று பார்த்தேன்." பிறகு சுவரில் இருந்த ஒரு படத்தைக் காட்டினா, கணவர். உடுப்பு வெளுக்கிற கடையில் இஸ்திரிப்பெட்டியால் மினுக்குகிறேன் என்றுதான் மனுசன் வாழ்நாள் முழுக்கத் தேவாலயத்தில் சொன்னவராம். அந்தக் கடையும் அவருடையது, பிறகு வாங்கின கடைகளும் அவருடையது, ஃபின்ச் வீதிக் கடை இருக்கிற பிளாசாவும் அவருடையது. செத்தவீட்டில்தான் சனத்துக்குத் தெரியவந்ததாம். "எல்லோரும் என்னிடம் வந்து, எவ்வளவு பெரிய வேலை செய்திருக்கிறார் என்றார்கள். அவருக்கு முன்னால் ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்ல அவர் விடவில்லை" என்றா. என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் தேநீர் ஊற்றினா. "நீங்கள் நல்ல வேலை செய்திருக்கிறீர்கள்" என்றா. சாவியை மேசையில் வைத்து, இரண்டு கையாலும் என் பக்கம் தள்ளினா.

அத்தான், அதை இதுவரைக்கும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. சொல்லியிருக்க முடியாது, நான்தான் ஒருவருக்கும் இடம் கொடுக்கவில்லையே. ஏதோ போகுது என்கிறவனிடம் நல்லாய்ச் செய்தாய் என்று யார் சொல்லுவது? எழும்பி வரும்போது, மரியாதைக்கு, நானும் படித்ததை வீணாக்காமல் திருப்பிக் கேட்டேன்: "முசுன் இல் ஹாசேயோ?"

அவ கண்ணை இமைக்காமல், "நானா? சும்மா வீட்டில் இருக்கிறேன். சமையல், துடையல்" என்றா.

வாசல் வரைக்கும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தோம். செருப்பைப் போட எனக்கு வெகுநேரம் எடுத்தது.

லீசில் கோணேஸ்வரி கையெழுத்து வைத்தாள், சாட்சியாக நீக்கிலாப்பிள்ளை. நான் பேனை மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நான் பார்த்த முதலாளிக்குத்தான் கொடுப்பேன்" என்று திருமதி பெக் பிடிவாதமாக இருந்துவிட்டா. ஆனி மாதம் கடை திறக்கிறோம். குளிர் அறை பொருத்துகிறவர்கள் நாளைக்கு வருகிறார்கள். மீன் மேசை நான் முதல் நாள் நினைத்த சுவரில்தான், அரிசியை மட்டும் கோணேஸ்வரி மாற்றிவிட்டாள். ஒரு தட்டில் கொரியர்களின் சீனிப்பாணி நெத்தலியும் வைக்கப் போகிறோம், போகுமா என்று தெரியாது, ஆனால் எனக்கென்னவோ போகும் என்று படுகிறது. ஆகவே கதை ஒன்று, கடை மூடவில்லை. கதை இரண்டு, நாடகம் பார்க்க எனக்கு நேரமில்லை. கதை மூன்று, அந்தக் கொரியாக்காரி ஞாயிறு மத்தியானம் எங்கள் வீட்டில் கணவாய்க் கறி சாப்பிட்டா, கோணேஸ்வரிதான் அழைத்தாள். அக்காவின் கண்ணீரைத் துடைத்துவிடுங்கள்.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். இனிமேல் என்ன செய்கிறாய் என்று யாராவது கேட்டால் நேராய்ச் சொல்லப் போகிறேன், தமிழிலேயே: நான் வியாபாரி, எங்களுக்கு மூன்று கடை, நாங்கள் பாடுபட்டு நடத்துகிறோம் என்று. கோயிலில் உபயம் கேட்டாலும் பரவாயில்லை, கேட்கட்டும். உங்கள் தம்பி கேட்டால் மட்டும் அந்த நேரம் பார்க்கலாம். கடை திறப்புக்கு நீங்களும் அக்காவும் கட்டாயம் வரவேண்டும். உங்கள் கையால்தான் முதல் குத்துவிளக்கு. அக்காவின் முழங்காலுக்கு ஒட்டுத்துண்டு கடைக் கல்லாவிலேயே தயாராய் இருக்கும். உங்கள் எல்லோரையும் பிள்ளையார் சுகமாய் வைத்திருக்கட்டும், எங்கள் குளிர் அறைக்கும் அவர் ஒரு கண் வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
மா. தில்லையம்பலம்
வியாபாரி

பி.கு.: அத்தான், கடிதத்தை உறைக்குள்ள வைக்கேக்கை கோணேஸ்வரி வந்து, "ஆருக்கு உது?" எண்டு கேட்டாள். சொன்னன். "நான் ராத்திரியே அக்காவுக்கு எல்லாம் சொல்லிப்போட்டன், வாடகை எவ்வளவு எண்டதும் சொன்னனான்" எண்டாள். ஆனபடியால் நீங்கள் இதைக் குளியலறையில இருந்து வாசிச்சு ஒரு பிரயோசனமும் இல்லை. பாரிசில இருந்து ரெண்டு பேர் ஏற்கெனவே போன் எடுத்திட்டினம், உங்கட தம்பியும் ஒரு தரம். அவசரமாய் ஒரு உதவி செய்யுங்கோ. மேல வியாபாரி எண்டு எழுதினதை வெட்டிப்போடுங்கோ. ஆரும் கேட்டால், தில்லையம்பலம் ஃபின்ச் வீதியில ஒரு பொம்பிளையின்ர கடையில வேலை செய்யிறான், சம்பளமும் ஒழுங்காய் இல்லையாம், ஏதோ போகுதாம் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் பொய் சொல்லிற ஆள் இல்லை எண்டு எனக்குத் தெரியும். பயப்பிடாதேங்கோ, லீஸ் அவளின்ர பேரிலதானே.